மாமாவைக் கூப்பிட்ட காட்சி

உங்கள் கைபேசியில் ஒரு வீடியோ ஓடினால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மூலையில் எங்கள் கம்ப்யூட்டர் கோடும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. எங்கள் என்று நான் இனிமேல் சொல்லிக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், சட்டென்று விடவும் வாய் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படமும் சத்தமும் சேர்ந்த கோப்புகளைத் திறந்து, பிரித்து, திரையில் காட்டவும், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் ஒரு பெரிய மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. திறந்த மூல மென்பொருள். அதாவது, உள்ளே இருக்கிற நிரலை, நாங்கள் கோடு என்று சொல்கிறதை, முழுவதும் யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். வீடியோவை வைத்துப் பிழைக்கிற பெரிய பெரிய கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் சரக்குக்குள் வைத்துக்கொள்கின்றன. பராமரிக்கிறவர்களோ உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற கொஞ்சம் பேர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு. பிழை வந்தால் அவர் சரிசெய்ய வேண்டும். யாராவது திருத்தம் அனுப்பினால் பார்த்து, சேர்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். சம்பளமெல்லாம் கிடையாது. நான் பகலில் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். துடியலூரில் வீடு. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற காலைகளில் எப்படியும் சீக்கிரம் எழுந்தாக வேண்டும் என்பதால், டிரம் நிரம்புகிற நேரத்தில் இந்த வேலையைச் செய்வேன்.

இதை ஒறம்பரைக்கு, சொந்தக்காரர்களுக்கு, விளக்கிப் பார்த்துத் தோற்றுப்போனேன். “மாப்ள வீடியோக் கடை வெச்சிருக்காப்லீங்க” என்று என் மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

என் பொறுப்பில் இருந்தது ஒரு சின்னப் பகுதிதான். பாதியில் அறுந்துபோன வீடியோக்களைத் திறக்கிற பகுதி. கேமரா படம் பிடிக்கும்போது படத்தையும் சத்தத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். நிறுத்துகிற பொத்தானை அழுத்தியதும், எந்தப் படம் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்று கடைசியில் ஓர் அட்டவணை எழுதும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் அட்டவணை இருக்காது. அட்டவணை இல்லாத கோப்பை எந்தப் பிளேயரும் திறக்காது. உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும், கதவு மட்டும் இருக்காது. என்னுடைய கோடு கதவைத் தேடாது. சுவரைத் தடவித் தடவி உள்ளே போய், ஒவ்வொரு படத்துக்கும் தலை எது வால் எது என்று கண்டுபிடித்து வெளியே எடுத்துக்கொண்டு வரும்.

இதை எழுத வேண்டிய தலையெழுத்து எனக்கு என் கல்யாணத்தில் வந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்டபம். மின்வெட்டு தலைவிரித்து ஆடிய வருடங்கள் அவை. எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் தாய்மாமா பவானியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். ஈ.பி.யில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. மண்டப வாசலில் அந்த நேரம் பார்த்து ஒரு நூல்மில் முதலாளியின் கார் வந்து நிற்க, என் அப்பா உட்பட அத்தனை பேரும் அந்தக் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மாமாவைப் பார்த்து “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பந்தியில் பாயசம் இல்லையென்றால் மன்னித்துவிடுவார்கள். “வாங்க” சொல்லவில்லையென்றால் அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதுவும் மாப்பிள்ளையின் தாய்மாமன்! மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் சேர்களில் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு போய், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் போட்டு, மண்டபத்துக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அது கோபம்தான், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கோபித்துக்கொண்டவர் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டார். கண்ணில் படுகிற இடத்தில்தான் உட்காருவார். வீட்டுக்காரர்கள் தாம்பூலத் தட்டோடு போய்க் கூப்பிட வேண்டும். முதல் தடவை காதில் விழாது. இரண்டாம் தடவை, “நம்மளுக்கென்னுங்க, நாம யாரோ” என்பார். மூன்றாம் தடவை எழுந்திருப்பார். எழுந்த பிறகு ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய்ச் செய்ய வேண்டிய சீரையெல்லாம் செய்வார். பேசாமல் இருப்பதற்கு, என்னை வந்து கேள் என்று அர்த்தம். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது எங்களூரில் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அப்பாவும் பெரியப்பாவும் தட்டோடு போனார்கள். வீடியோ எடுக்க வந்த ஸ்டுடியோக்காரர் விவரமானவர். இதெல்லாம் பின்னால் போட்டுப் பார்த்துச் சிரிக்கிற காட்சி என்று தெரிந்து கேமராவை அப்போதே ஓடவிட்டார். மாமா உள்ளே வந்தார். ஸ்டுடியோக்காரர் கேமராவை நிறுத்தாமல் அந்த ஓட்டத்திலேயே மேடைக்கு வந்து, அதை நேராகப் பிளக்கில் சொருகி, பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டு, ஸ்டாண்டில் வைத்துவிட்டார். தாலி கட்டி முடிகிற சமயம் கரண்ட் போனது. கேமரா அப்படியே அணைந்தது. மாமா கோபத்தில் ஒயரைப் பிடுங்கிவிட்டார் என்று பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரு கிண்டல் கிளம்பி, அது இன்னமும் ஓய்ந்தபாடில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் ஸ்டுடியோக்காரர் முகம் செத்துப்போய் வந்தார். “ஏனுங்க, மொத ஃபைலு கரப்ட் ஆயிப்போச்சுங்க. தாலி கட்டறது அதுலதானுங்க இருக்குது” என்றார். என் மனைவி அழுதாள். புதுப்பெண் அழுதால் புதுமாப்பிள்ளை என்ன செய்வான்? “நான் எடுத்துத் தர்றேன்” என்று வாய்விட்டுவிட்டேன்.

எனக்கு அதில் ஒரு இழவும் தெரியாது அப்போது. அந்த வடிவத்தின் விவரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். அதே கேமராவில் எடுத்த இன்னொரு கல்யாணத்தின் நல்ல கோப்பை ஸ்டுடியோக்காரரிடம் வாங்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். தேடும்போதுதான் இந்தத் திறந்த மூலத் தொகுப்பு கண்ணில் பட்டது. அதற்குள் என் கோடைப் பொருத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையில் முதலில் வந்தது தாலி இல்லை. ஜெனரேட்டர் ஷெட்டும், பிளாஸ்டிக் சேரும், மாமாவின் முதுகும்தான் வந்தன. நான் போட்ட சத்தத்தில் என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தாலி கட்டுவது வரைக்கும் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததாக ஞாபகம் இல்லை.

நான் எழுதிய கோடை, அந்தத் தொகுப்பைப் பராமரிக்கிற திட்டத்துக்கு அனுப்பினேன். திட்டத்தை நடத்துகிற மூத்த பராமரிப்பாளர் ஒரு குளிர் நாட்டுக்காரர். நேரில் பார்த்ததில்லை. நுணுக்கி நுணுக்கிக் கேள்வி கேட்டார், பலமுறை திருத்தச் சொன்னார், கடைசியில் சேர்த்துக்கொண்டார். சோதனைக்கு ஒரு மாதிரிக் கோப்பு வேண்டும் என்றும் கேட்டார். அங்கே அது ஒரு வழக்கம். கோடில் யார் எந்த மாற்றம் செய்தாலும், பழைய மாதிரிக் கோப்புகள் எல்லாம் இன்னும் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று இயந்திரம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். கோப்பு சின்னதாக இருக்க வேண்டும். அதனால் எங்கள் கல்யாணக் கோப்பின் முன்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். மாமா உட்கார்ந்திருப்பது, அப்பா மூன்று தடவை கூப்பிடுவது, மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவது. அதோடு முடியும்.

மாமாவிடம் கேட்காமலா செய்வேன்? ஃபோன் போட்டு, இப்படி இப்படி என்று சொன்னேன்.

“அப்பிடீன்னா வெள்ளக்காரனெல்லாம் என்னையப் பாப்பானா?”

“பாக்கறதுன்னு இல்லீங்க மாமா. மெஷினு ஓட்டிப் பாக்குமுங்க. ஒவ்வொருத்தரு மெஷின்லயும் ஓடுமுங்க.”

“நா உள்ள போற வரைக்கும் இருக்குதல்ல?”

“இருக்குதுங்க.”

“அப்பச் செரி, போட்டுக்க. உக்கோந்திருக்கறத மட்டும் போட்டீன்னா, இவன் என்னடா சோத்துக்கு வழியில்லாம ரோட்ல உக்கோந்திருக்கறான்னு நெனச்சுக்குவான்.”

அதற்குப் பிறகு பவானியில் அவர் காலையில் டீ குடிக்கிற கடையில் இந்தக் கதையைக் கேட்காத ஆளில்லை. உலகம் பூராவும் தன் படம் ஓடுகிறது என்று அவர் சொல்ல, எதிரே இருப்பவர்கள் சிரிக்க, அவர் கோபித்துக்கொள்ள, அவர்கள் சமாதானம் செய்ய, ஒரு டீ அதிகம் செலவாகும்.

நான் பராமரிப்பாளன் ஆனேன். இந்தச் சின்னப் பகுதிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. எங்கிருந்தெல்லாமோ அறுந்த கோப்புகள் வரும். வால்பாறை மலைப்பாதையில் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற யானையை எடுத்துக்கொண்டிருக்கும்போது பயத்தில் கைபேசியைக் கீழே போட்ட ஒருவர், அது திறக்கவில்லை என்று எழுதுவார். ஏதோ ஒரு நாட்டில் பிள்ளையின் முதல் நடையை எடுத்தபோது பேட்டரி தீர்ந்துபோன ஒரு அம்மா எழுதுவார். ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு விதமாகக் குளறுபடி செய்யும். ஒவ்வொன்றுக்கும் கோடில் ஒரு வளைவு, சுற்றிப் போகிற ஒரு வழி, வைப்பேன். தண்ணீர் டிரம் நிரம்பி வழிந்து, கீழ்வீட்டம்மா “ஏனுங்க, மேல தண்ணி போகுதுங்க” என்று கத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு இயந்திரங்கள் புகார் எழுதத் தொடங்கின. ஒரு மாபெரும் கம்பெனி, எங்கள் கோடைத் தன் சரக்குக்குள் சும்மா எடுத்து வைத்துக்கொண்டிருக்கிற கம்பெனி, தன்னிடம் இருக்கிற ஆயிரக்கணக்கான இயந்திரங்களை விட்டு எங்கள் கோடைக் குத்திப் பார்க்கச் சொன்னது. கண்டபடி சிதைத்த கோப்புகளைக் கொடுத்து எங்கே உடைகிறது, எந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழையலாம் என்று பார்ப்பது. மற்ற பகுதிகள் கெட்ட கோப்பு வந்தால் திறக்கமாட்டேன் என்று சொல்லித் தப்பிக்கும். என் பகுதிக்கு வருவதே உடைந்த கோப்புதான். ஊகித்துத்தான் அது உள்ளே போகும். குத்தினால் ரத்தம் வரத்தான் செய்யும். புகார்கள் வண்டி வண்டியாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கெடு. அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஊரறிய வெளியிடுவார்களாம். திருத்தத்தை எழுதி அனுப்ப ஒருவருக்கும் நேரமில்லை, கெடு வைக்க மட்டும் நேரம் இருந்தது. அடேங்கப்பா, என்ன ஒரு பெருந்தன்மை! நானும் விடாமல் சரிசெய்தேன். தீபாவளிக்குச் செய்தேன், காய்ச்சலோடு செய்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். “அவிய பெரிய கம்பெனிதானுங்க, அவியளே செஞ்சா கொறஞ்சா போயிருவாங்க?” என்று கேட்டாள். நான் அதற்கும் அவர்களுக்காகப் பரிந்து பேசினேன். அப்படிப்பட்ட பைத்தியக்காரன் நான்.

ஒரு நாள், திட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் போகிற பொதுமெயிலில் அந்தக் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் நாலு வரி எழுதியிருந்தார். அறுந்த கோப்புகளைத் திறக்கிற இந்தப் பகுதியால் பாதுகாப்புப் புகார்கள் அதிகம் வருகின்றன; இதை அடியோடு நீக்கிவிட இத்துடன் ஒரு திருத்தம் இணைத்துள்ளேன்; ஒரு வாரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சேர்க்கப்படும்.

யாரும். கவனியுங்கள், யாரும்! அந்தப் பகுதிக்கு எதிரே என் பெயர் இருக்கிறது, மெயில் முகவரி இருக்கிறது. எனக்குத் தனியாக ஒரு வரி கிடையாது. இத்தனை வருடம் பழகிய அந்த மூத்தவர் அதன் கீழே, பார்வைக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவரும் என்னைக் கேட்கவில்லை. சந்தையில் மாட்டுக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நிற்கும்போதே மாட்டை வேறு யாரோ பிடித்துக் கொடுத்தது போல இருந்தது எனக்கு. பதில் எழுத உட்கார்ந்து, எழுதி, அழித்தேன். நான் ஏன் எழுத வேண்டும்? என் வீட்டை இடிக்கலாமா என்று தெருவில் நின்று பொதுவாகக் கேட்டால், நான் ஓடிப்போய்க் கை தூக்க வேண்டுமா?

பேசாமல் இருந்தேன். இது எங்களூர்ப் பேசாமை. பெண் கேட்டு வந்தவர்களிடம் எங்கள் பக்கத்தில் யாரும் தரமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. காப்பி கொடுத்துவிட்டு, மழை, மஞ்சள், மில் என்று பேசுவார்கள்; வந்த காரியத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். வந்தவர்கள் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள். புகார் வந்த அன்றைக்கே பதில் எழுதுகிறவன், பொதுமெயிலில் ஓயாமல் பேசுகிறவன், ஒருவன் திடீரென்று மூச்சுக் காட்டாமல் இருக்கிறான் என்றால், என்னமோ ஆகிவிட்டது என்று மனிதனாகப் பிறந்தவன் கேட்கமாட்டானா? அந்த மூத்தவராவது, ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதமாட்டாரா? நான் சேரைப் போட்டு, கண்ணில் படுகிற இடத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்!

“ஒரு வரி எழுதிப்போட்டாத்தான் என்னங்க?” என்றாள் என் மனைவி.

“எழுத மாட்டேன். கேக்கோணும். மொறையாக் கேக்கட்டும்.”

“அவியளுக்கு மொறை தெரியுமுங்களா?”

“இத்தன வருஷம் பழகி, இதுகூடத் தெரியாதா?”

“நீங்க கோவிச்சுட்டு உக்கோந்திருக்கறது அவியளுக்கு எப்பிடீங்க தெரியும்? கேமராவா வெச்சிருக்கறாங்க?”

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

வாரம் முடிந்த அன்று பொதுமெயிலில் ஒரே வரி வந்தது. ஆட்சேபணை இல்லை, சேர்த்தாயிற்று, நன்றி. அவ்வளவுதான். என் கோடு போனது. அதன் சோதனை போனது. மாதிரிக் கோப்பும் போனது. பராமரிப்பாளர்கள் வரிசையில் என் பெயர் இருந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். பகுதியே இல்லை, பராமரிக்கிறவன் எதற்கு? ‘நன்றி’ என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாருக்கு நன்றி? பேசாமல் இருந்ததற்கா?

அந்தச் சனிக்கிழமை பவானிக்குப் போனேன். மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒருவருக்குத்தான் உடனே புரிந்தது.

“உன்ன ஒரு வார்த்த கேக்கலியா?”

“இல்லீங்க.”

“கேக்காமலே எடுத்துப்போட்டானுங்களா?”

“ஆமாங்க மாமா.”

“அப்ப என்ற படம்?”

“அதையும் எடுத்துட்டாங்க.”

கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டிக்கொண்டார். “நீ போகாத மாப்ள. நீயாப் போயி நிக்கப்படாது. என்னைக்கா இருந்தாலும் வந்து கூப்புடுவான். கூப்புடறப்ப என்னையும் சேத்திக் கூப்புடோணும்னு சொல்லு. நாம சோறு கேட்டா போனம்?”

அவர் சொன்னது எனக்கு இனித்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில், கூப்பிடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தினமும் காலையில் எழுந்ததும் முதலில் மெயிலைத்தான் திறந்து பார்ப்பேன்.

கூப்பிட்டார்கள்! வெயில் போய், மழை போய், தை பிறக்கிற சமயத்தில் அந்தக் கம்பெனிப் பொறியாளரிடமிருந்து எனக்கென்று தனியாக ஒரு மெயில் வந்தது. வணக்கம் சொல்லி, நலம் கேட்டு, பாங்காக எழுதியிருந்தார். அவர்கள் கம்பெனி வீட்டு வாசலில் மாட்டுகிற ஒரு கேமராவை விற்கிறதாம். கரண்ட் போனால் அதன் கோப்புகள் அறுந்துபோகின்றனவாம். முன்பெல்லாம் எப்படியோ திறந்ததாம், இப்போது திறக்கவில்லை என்று வாங்கியவர்கள் திட்டுகிறார்களாம். பழைய பகுதியைத் திரும்பக் கொண்டுவர யோசிக்கிறோம், அதை எழுதியவர் நீங்கள், உங்கள் கருத்தைச் சொல்ல முடியுமா?

“பாத்தியா?” என்று மெயிலை என் மனைவியிடம் காட்டினேன். “தட்டோட வந்துட்டானுங்க.”

“அப்பப் போங்க, மூணாவது வாட்டிக்கெல்லாம் காத்திருக்காதீங்க” என்றாள்.

எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். போன வேகத்தை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பழைய கோடில் எங்கெங்கே ஊகம் பலவீனம், எங்கே எல்லை தாண்டிப் படிக்கிறது, எப்படிக் கட்டினால் இனி குத்தினாலும் உடையாது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். திருத்தங்களையும் நானே எழுதி இணைத்தேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. அவரும் ஒவ்வொன்றுக்கும் நன்றி, அருமை என்று எழுதினார். பொங்கல் லீவு முழுவதும் அதிலேயே போனது. மாமாவுக்கு ஃபோன் போட்டு, “கூப்புட்டுட்டாங்க மாமா” என்றேன். அவர் டீக்கடையிலிருந்தே, “நாந்தேன் சொன்னனல்லொ!” என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு காலையில் பார்த்தேன், சேர்த்துவிட்டார்கள். அறுந்த கோப்புகளைத் திறக்கப் புதிய பகுதி என்று தலைப்பு. எழுதியவர் என்ற இடத்தில் அந்தப் பொறியாளரின் பெயர். பராமரிப்பாளர் என்ற இடத்திலும் அவர் பெயர். விளக்கத்தின் அடியில், முந்தைய ஒரு முயற்சியைத் தழுவியது என்று ஒரு வரி. யாருடைய முயற்சி என்று இல்லை. உள்ளே வரிக்கு வரி என் கோடு. என் வளைவுகள், என் குறிப்புகள். யானைக் கோப்புக்காக நான் வைத்த ஒரு வளைவு அப்படியே இருந்தது. எதற்காக என்ற குறிப்பை மட்டும் எடுத்திருந்தார்கள்.

மூத்தவருக்குத் தனியாக எழுதினேன். இந்தத் தடவை பேசாமல் இருக்கவில்லை. இது என் வேலை, என் பெயர் எங்கே என்று நேராகவே கேட்டேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். இந்தப் புதிய பகுதிக்கும் பொதுமெயிலில் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தோம், ஆட்சேபணை எதுவும் வரவில்லை. எழுதியவர் யார் என்று ஒருமுறை பதிவானதைப் பின்னால் திருத்துவது திட்டத்தின் வழக்கமில்லை. உங்கள் பங்களிப்பை எப்போதும் மதிக்கிறோம். அந்த அவகாசத்தில் நான் அவர்களுக்கே திருத்தம் எழுதிக்கொண்டிருந்தேன், பொதுமெயிலைத் திறக்கவே இல்லை. தனியாகக் கூப்பிட்டவர்கள் தனியாகச் சொல்லுவார்கள் என்று நினைத்தது என் மடத்தனம். நாசமாய்ப் போகட்டும்.

சரி, மாமாவாவது உள்ளே வந்தாரா என்று பார்த்தேன். மாதிரிக் கோப்பு திரும்ப வந்திருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: சோதனை சீக்கிரம் முடிவதற்காகக் கோப்பின் அளவு குறைக்கப்பட்டது. திறந்தேன். அப்போது என் மனைவியும் பக்கத்தில் வந்து நின்றாள். ஜெனரேட்டர் ஷெட். பிளாஸ்டிக் சேர். மாமாவின் முதுகு. ரோட்டில் ஒரு டவுன்பஸ் போகிறது. மாமா துண்டைச் சரிசெய்கிறார். யாராவது வருகிறார்களா என்று ஓரக்கண்ணால் ஒருமுறை பார்க்கிறார். அதோடு கோப்பு முடிந்துவிட்டது.

“அப்பறம் எங்கீங்க? மாமா வந்து கூப்புடுவாங்களே, அது எங்கீங்க?” என்றாள். அவள் மாமா என்று சொன்னது என் அப்பாவை. அப்பா போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகிறது.

“வெட்டிட்டாங்க” என்றேன்.

அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கீழ்வீட்டம்மா தண்ணி போகுதுங்க என்று கத்துகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, என் மெஷினிலும் அந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்தேன். தேறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதிய கோடு, தேறாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் மாமாவே ஃபோன் செய்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று ஆரம்பித்தார். டீக்கடையில் சத்தம் கேட்டது; பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

“மாப்ள, என்ற படம் மறுக்கா ஓடுதா?”

“ஓடுதுங்க மாமா. எல்லா ஊர்லயும் ஓடுதுங்க.”

“இங்க ஒருத்தன் நம்பமாட்டீங்கறான், அதுக்குத்தேன் கேக்கறன். உங்கப்பன் தட்டெடுத்துட்டு வந்து கூப்புடறது, நா எந்திரிச்சு உள்ள போறது, அல்லாம் இருக்குதல்ல?”

“இருக்குதுங்க மாமா” என்றேன்.